டாக்கா: மஸ்லின் முதல் மலிவாடை வரை

துணிகளுக்கு ஊர்களின் பெயரை இடுவது பழைய வழக்கம். திமிஷ்க் எனும் டமாஸ்கஸ் நகரின் பெயரால் 'டமாஸ்க்' துணி வழங்கிற்று. பக்தாதில் 'அத்தாபிய்யா' என்றொரு குடியிருப்பு இருந்தது. அங்கே நெய்யப்பட்ட வரியிட்ட துணிக்கு 'அத்தாபீ' என்று பெயர். அது ஐரோப்பிய மொழிகளில் 'டாபி' ஆயிற்று. இராக்கின் வடபகுதியிலுள்ள மவ்ஸில் நகரின் பெயரே 'மஸ்லின்' என்ற சொல்லுக்கு மூலம். ஆங்கிலேயர் பருத்திக்கு வழங்கும் 'காட்டன்' என்பதும் அரபியின் 'குத்ன்' என்ற சொல்லின் திரிபே. இடைக்கால ஐரோப்பா எந்தச் சந்தைகளில் தன் துணிகளை வாங்கியது என்பதற்கு இச்சொற்களே போதிய சான்றுகள்.

எனினும் மஸ்லின் என்ற பெயர் உலகெங்கும் பரவியது மவ்ஸிலின் தறிகளால் அன்று. வங்காளத்தின் டாக்கா வட்டாரத்துத் தறிகளே அப்புகழை அதற்கு ஈட்டித் தந்தன. அத்துணியின் இந்துஸ்தானிப் பெயரான 'மல்மல்' என்பதே நம் நாட்டில் 'மல் வேட்டி'யாகவும் 'மல் துணி'யாகவும் வழங்குகிறது.

அதே டாக்காவின் புறநகரான சாவரில், 2013 ஏப்ரல் 24 அன்று காலை, ராணா பிளாசா எனும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதில் இயங்கிய ஐந்து ஆடை ஆலைகளின் தொழிலாளர்களுள் 1,130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 2,500 பேர் காயமுற்றனர். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லவேண்டிய மலிவான ஆடைகளை அவர்கள் தைத்துக் கொண்டிருந்தனர்.

உலகிலேயே மிக விலையுயர்ந்த பருத்தித் துணியை நெய்த மண்ணே உலகின் மிக மலிவான ஆடைகளைத் தைக்கும் மண்ணாகவும் ஆனது எவ்வாறு? இவ்விரண்டையும் தனித்தனிக் கதைகளாகப் படிப்பதே வழக்கம். நாம் இங்கு அவற்றை ஒரே வரலாறாகப் படிக்க முயல்வோம். அவ்வாறு படிக்கையில், இன்று எங்கும் பேசப்படும் 'நீடித்த ஆடை' என்ற கருத்தைப் பற்றியும் தெளிவு பிறக்கும்.

அரபுப் பயணிகளின் சான்று

ஹிஜ்ரி 237இல், அதாவது கி.பி. 851இல், தொகுக்கப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' எனும் அரபு நூல் சீனத்தையும் இந்தியாவையும் பற்றி வணிகர்கள் கூறிய செய்திகளைத் தருகிறது. ஸுலைமான் எனும் வணிகரின் பெயரோடு இந்நூல் இணைத்துப் பேசப்படும். அதில் 'ருஹ்மீ' என்றொரு நாடு வருகிறது. வேறெங்கும் காணக் கிடைக்காத பருத்தித் துணி அங்கு உண்டென்றும், ஒரு மோதிரத்தின் வளையத்துள் நுழைந்து வெளிவரும் அளவுக்கு அது மெல்லியதென்றும் நூல் கூறுகிறது. ருஹ்மீ என்பது வங்காளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஐந்து நூற்றாண்டுகள் கழித்து இப்னு பதூதா வங்காளம் வந்தார். சில்ஹெட் பகுதியில் ஷைகு ஜலால் அவர்களைச் சந்தித்தபின் சோனார்காவ்ன் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து கப்பலேறினார். வங்காளத்தின் பொருள் மலிவைக் கண்டு வியந்த அவர், விலைப்பட்டியல் ஒன்றையே எழுதி வைத்துள்ளார். முப்பது முழம் நீளமுள்ள உயர்தர மெல்லிய பருத்தித் துணி இரண்டு தீனாருக்கு விற்றதென்பது அப்பட்டியலில் ஒரு வரி. 1586இல் வந்த ராஃல்ப் ஃபிட்ச் எனும் ஆங்கிலேயரும், அக்பரின் அமைச்சர் அபுல் ஃபஸ்லும் அதே சோனார்காவ்னின் துணியைச் சிறப்பித்துக் கூறினர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்லாம் கான் டாக்காவை முகலாய வங்காளத்தின் தலைநகராக்கினார். அதன்பின் துணியின் பெயரும் டாக்காவோடு ஒட்டிக்கொண்டது.

அரண்மனைக்கென நெய்யப்பட்ட துணி 'மல்பூஸ் காஸ்' எனப்பட்டது. அரபி அறிந்தோர்க்கு இப்பெயர் விளக்கம் வேண்டாதது. 'ஆபே ரவான்' என்றால் ஓடும் நீர். 'ஷப்னம்' என்றால் பனித்துளி. 'பாஃப்த் ஹவா' என்றால் நெய்த காற்று. துணிகளுக்கு அன்று இத்தகைய பெயர்களை இட்டனர்.

ஒரு துணியும் பல கைகளும்

இத்துணியின் சிறப்புக்கு முதற்காரணம் ஒரு செடி. 'ஃபூட்டி கார்பாஸ்' எனப்படும் அப்பருத்தி மேக்னா ஆற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டிய வண்டல் நிலத்தில் விளைந்தது. அதன் இழை குட்டையானது. பிற்கால ஆலை எந்திரங்களுக்கு ஒவ்வாதது. ஆனால் ஈரக்காற்றில் மெல்ல நூற்றால் வியக்கத்தக்க நுண்ணிய நூலாகும். ஆகவே அதிகாலையிலும் மாலையிலும், காற்றில் ஈரம் நிறைந்த வேளைகளில், நீர்க்கரையில் அமர்ந்து அதனை நூற்றனர். நூற்றவர்கள் பெண்கள், பார்வைக் கூர்மை குன்றாத இளம் வயதினர். பருத்தியைச் சிக்கெடுக்க 'போவால்' எனும் மீனின் தாடையெலும்பு சீப்பாகப் பயன்பட்டது.

நூற்பவர், பாவோட்டுபவர், நெய்பவர், வெளுப்பவர், சங்கால் தேய்த்து மெருகிடுபவர் என ஒரு துண்டுத் துணி பல கைகளைக் கடந்தது. இவர்களுள் 'ரஃபூகர்' எனும் பிரிவினர் தனியே குறிப்பிடத்தக்கவர்கள். நெய்த துணியில் ஓரிழை பிசகியிருப்பின் அதனை உருவி எடுத்து வேறிழையை அதே வழியில் செலுத்துவது அவர்கள் தொழில். டாக்காவின் ரஃபூகர்கள் முஸ்லிம்கள். 'ரஃபஅ' எனும் அரபு வினைச்சொல்லுக்குக் கிழிசலை இழையோட்டிச் சேர்த்தல் என்று பொருள். இஸ்லாத்திற்கு முன் அரபுகள் மணமக்களை வாழ்த்திய 'பிர்ரிஃபாஇ வல்பனீன்' எனும் வாசகத்திலுள்ள 'ரிஃபா' என்பதும் இதே வேரைச் சேர்ந்தது. கிழிந்ததைச் சேர்ப்பதற்கும் இருவர் இணைந்து வாழ்வதற்கும் அம்மொழி ஒரே சொல்லை ஆண்டது.

இக்காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்க நமக்கு விருப்பமில்லை. மல்பூஸ் காஸ் தயாரிப்பை மேற்பார்த்த தாரோகாக்கள் நெசவாளரைக் கெடுபிடி செய்தனர். ஒரு துண்டுக்கு மாதக்கணக்கில் உழைத்த நெசவாளர் அதன் விலையில் சிறு பகுதியையே கண்டார். ஆயினும் அவரிடம் ஒன்று இருந்தது: வேறு வணிகரிடம் செல்லும் உரிமை. குஜராத்தியர், ஆர்மீனியர், முகலாயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரும் டாக்காவில் துணிக்குப் போட்டியிட்டனர். அவ்வுரிமை பறிபோன கதையே அடுத்தது.

கும்பெனியும் கட்டைவிரல் கதையும்

1757இல் பிளாசிப் போர் நடந்தது. 1765இல் வங்காளத்தின் திவானி உரிமை கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1753இல், உள்ளூர் வணிகர் வழியாகத் துணி வாங்கும் முறையைக் கைவிட்டு, 'குமாஸ்தா' எனும் தன் முகவர்கள் மூலம் நெசவாளரிடம் நேரே முன்பணம் கொடுத்து வாங்கும் முறையைக் கும்பெனி கொண்டுவந்திருந்தது. ஆட்சியதிகாரமும் சேர்ந்தபின் முன்பணம் விலங்காயிற்று. கும்பெனியிடம் முன்பணம் பெற்றவர் வேறு யாருக்கும் நெய்யலாகாது. குறித்த நாளில் துணி வராவிடில் நெசவாளர் வீட்டு வாயிலில் சேவகன் நிறுத்தப்படுவான். அவன் படிச்செலவும் நெசவாளர் தலையிலேயே விழும். விலையையும் தரத்தையும் கும்பெனியே முடிவு செய்தது. ஹமீதா ஹுஸைன் 1988இல் வெளியிட்ட, வங்காளத்துக் கும்பெனி நெசவாளரைப் பற்றிய ஆங்கில நூல் இவற்றை ஆவணங்களோடு விரித்துரைக்கிறது.

இங்கு ஒரு பிழையான செய்தியைத் திருத்துவது நம் கடமை. மஸ்லின் நெசவாளரின் கட்டைவிரல்களை ஆங்கிலேயர் வெட்டினர் என்று மேடைகளிலும் நூல்களிலும் அடிக்கடி கூறப்படுகிறது. இதற்கு மூலமாகக் காட்டப்படுவது வில்லியம் போல்ட்ஸ் 1772இல் வெளியிட்ட நூல். அவர் கும்பெனியில் பணியாற்றி, பின் அதனோடு பகைத்து நாடு கடத்தப்பட்டவர். அவர் எழுதியிருப்பது வேறு. கச்சாப் பட்டு நூலைச் சுற்றுவோர், அவ்வேலைக்குத் தம்மை வற்புறுத்தாதிருக்கும் பொருட்டுத் தம் கட்டைவிரல்களைத் தாமே துண்டித்துக்கொண்டதாக அவர் குறிப்பிடுகிறார். அவர் சொன்னது பட்டு நூல் சுற்றியவர்களைப் பற்றி. மஸ்லின் நெய்தவர்களைப் பற்றியன்று. வெட்டியவர்களும் அவர்களே.

இத்திருத்தத்தால் கும்பெனியின் குற்றம் குறைந்துவிடுமா? நாம் அவ்வாறு கருதவில்லை. தன் தொழிலுக்கு உயிரான விரலை ஒருவன் தானே துண்டித்துக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்பட்டான் எனில், அத்தொழில்முறை எத்தகையது? வெட்டிய கொடியவன் ஒருவனைத் தேடுவது எளிது. கணக்கேடும் ஒப்பந்தமும் முன்பணமும் அமைதியாகச் செய்த கொடுமையை இனங்காண்பது கடினம். வரலாறு நமக்குக் கற்பிக்கவேண்டியது இரண்டாவதையே. பிற்காலத்து டாக்காவைப் புரிந்துகொள்ளவும் அதுவே உதவும்.

பின்னர் நிகழ்ந்தவை விரைவானவை. 1779இல் கிராம்ப்டனின் நூற்பு எந்திரமும், 1785இல் கார்ட்ரைட்டின் விசைத்தறியும் இங்கிலாந்தில் தோன்றின. பிரிட்டன் இந்தியத் துணி மீது கனத்த சுங்கவரி விதித்தது; பிரிட்டிஷ் துணியோ வங்காளத்தில் இரண்டரை விழுக்காடு வரியோடு நுழைந்தது. 1787இல் டாக்காவிலிருந்து இங்கிலாந்து சென்ற மஸ்லினின் மதிப்பு முப்பது இலட்சம் ரூபாய். 1817இல் அவ்வேற்றுமதி அடியோடு நின்றது. டாக்காவிலிருந்த கும்பெனியின் வணிக அலுவலகமும் அவ்வாண்டே மூடப்பட்டது. டாக்காவின் மக்கள்தொகை ஒன்றரை இலட்சத்திலிருந்து முப்பது, நாற்பதாயிரமாகச் சரிந்துவிட்டதென்று சார்லஸ் டிரெவெல்யன் 1840இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தார்.

1828இல் 'சமாசார் தர்பண்' எனும் வங்கமொழி இதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர் நூல் நூற்றுப் பிழைத்த ஒரு கைம்பெண். நூற்பின் வருவாயால் குடும்பத்தைக் காத்துவந்த தாம், கடல்கடந்து வந்த மலிவான நூலால் பிழைப்பிழந்ததை அதில் அவர் முறையிட்டிருந்தார். மலிவுச் சரக்கின் முதல் அடியை வாங்கியவர்கள் நெசவாளர்களல்லர். அவர்களுக்கு நூல் தந்த பெண்களே.

மீண்டும் டாக்கா

ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. 1971இல் பங்களாதேஷ் பிறந்தது. 1974இல் பெரும் பஞ்சத்தைக் கண்டது. அதே 1974இல் உலக நாடுகளிடையே 'பல்லிழை ஒப்பந்தம்' நடைமுறைக்கு வந்தது. எந்த நாடு எவ்வளவு ஆடையைச் செல்வ நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்பதற்கு அது அளவு விதித்தது. அளவை எட்டிவிட்ட தென்கொரியா போன்ற நாடுகளின் நிறுவனங்கள், அளவு மிச்சமுள்ள நாடுகளைத் தேடின. நூருல் காதிர் என்பார் தொடங்கிய 'தேஷ் கார்மெண்ட்ஸ்', கொரியாவின் 'டேவூ' நிறுவனத்தோடு உடன்பாடு செய்து, 1979இல் 130 பேரைப் பயிற்சிக்காக அந்நாட்டுக்கு அனுப்பிற்று. பயின்று திரும்பியோர் பலர் பின்னர் தத்தம் ஆலைகளைத் தொடங்கினர். ஏற்றுமதி ஆணையையே ஈடாகக் கொண்டு துணி இறக்குமதி செய்ய வங்கிகள் கடன்பத்திரம் வழங்கியமையால், கைமுதல் இல்லாதோரும் ஆலை நடத்த முடிந்தது. பல்லிழை ஒப்பந்தத்தின் அளவுமுறை 2004 இறுதியோடு முடிந்தபின்னும் தொழில் வளர்ந்தது.

இன்று அந்நாட்டின் ஏற்றுமதி வருவாயில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஆடைகளிலிருந்து வருகிறது. ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேர் இதில் உழைக்கின்றனர். அவர்களுள் பெரும்பான்மையினர் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள். இத்தொழில் அவர்களுக்குக் கூலியை மட்டும் தரவில்லை. திருமண வயது தள்ளிப்போகவும், பிள்ளைகள் பள்ளி செல்லவும், குடும்பத்தில் பெண்ணின் சொல் கேட்கப்படவும் அது துணை நின்றது. இதை மறைத்துவிட்டு ஆலைகளின் கொடுமையை மட்டும் பேசுவது நீதியாகாது.

கூலியின் வரலாற்றையும் காண்போம். சட்டப்படியான குறைந்தபட்ச மாதக்கூலி 2006இல் 1,662 டாக்கா, 2010இல் 3,000, 2013 இறுதியில் 5,300, 2018 இறுதியில் 8,000, 2023 இறுதியில் 12,500. ஒவ்வோர் உயர்வுக்கும் முன்னே தெருப் போராட்டமோ பேரிடரோ நிகழ்ந்துள்ளது. 2023இல் 23,000 டாக்கா கேட்டுப் போராடிய தொழிலாளர்களுள் சிலர் உயிரிழந்தனர்.

பதினைந்து நாள் நாகரிகம்

ஆலைகளை இவ்வாறு நெருக்கியது எது? 1989இல் ஸ்பெயின் நாட்டு 'ஸாரா' நிறுவனம் நியூயார்க்கில் கடை திறந்தது. வரைபவர் மனத்தில் தோன்றிய ஆடை பதினைந்து நாட்களில் கடைக்கு வந்துவிடும் என்பது அன்று வியப்போடு பேசப்பட்டது. 'ஃபாஸ்ட் ஃபேஷன்' எனும் விரைவு ஆடை நாகரிகத்தின் தொடக்கமாக அதனைக் குறிப்பர். முன்பு ஆண்டுக்கு இரண்டு பருவங்களுக்கு ஆடை வெளியிட்ட வணிகம் வாரந்தோறும் புதிய ஆடை வெளியிடலாயிற்று. 2000த்திற்கும் 2015க்கும் இடையே உலகின் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இருமடங்கானது என்றும், பழைய ஆடையிலிருந்து புதிய ஆடைக்கு மீளும் இழை நூற்றில் ஒரு பங்குகூட இல்லையென்றும் எல்லன் மெக்கார்த்தர் அறக்கட்டளையின் 2017ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. உலகின் இழை உற்பத்தியில் பாதிக்குமேல் பாலியெஸ்டர். அது பெட்ரோலியத்தின் பிள்ளை.

இவ்வணிகத்தில் பெரு நிறுவனங்கள் சொந்தமாக ஆலை வைத்துக்கொள்வது குறைவு. ஆணை பிறப்பிப்பர், விலையையும் நாளையும் குறிப்பர். காலம் போதாதபோது ஆலை தன் ஆணையை இன்னொரு சிற்றாலைக்கு மாற்றிவிடும். தாமதமானால் கழிவுத்தொகை ஆலையின் தலையில். சேவகனின் படிச்செலவை நெசவாளரே கொடுத்த பழைய விதியை இது நினைவூட்டவில்லையா? 2020இல் கொரோனாப் பரவலின்போது, பங்களாதேஷுக்குத் தந்திருந்த 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆணைகளை வாங்குவோர் நிறுத்தினர் அல்லது ஒத்திவைத்தனர். தைத்து முடித்த ஆடைகளும் அவற்றுள் அடங்கும். பொதுக் கண்டனத்திற்குப் பிறகே பல நிறுவனங்கள் பணம் தர இணங்கின. வேலையை முழுமையாகப் பெற்றுக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை அறிவிக்கும் நபிமொழி புகாரியில் இடம்பெற்றுள்ளது. நூல்களில் படித்த அக்காட்சியை நம் காலத்திலேயே கண்டோம்.

முஹ்தஸிபின் வேலை

இஸ்லாமிய நகரங்களில் சந்தையைக் கண்காணிக்க 'முஹ்தஸிப்' எனும் அலுவலர் இருந்ததை வாசகர்கள் அறிவர். அவர்க்கென எழுதப்பட்ட கையேடுகளுள் காலத்தால் முந்தியவற்றில் ஒன்று, ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தவரான அஷ்ஷைஸரீயின் 'நிஹாயதுர் ருத்பா ஃபீ தலபில் ஹிஸ்பா'. நெசவாளர், தையற்காரர், பருத்தி வணிகர், பட்டு நெய்வோர், சாயமிடுவோர் ஆகிய ஒவ்வொரு பிரிவினர்க்கும் அதில் தனி அத்தியாயம் உண்டு. அடுத்த தலைமுறைகளில் எகிப்தின் இப்னுல் உகுவ்வா தம் 'மஆலிமுல் குர்பா'வில் இதனை மேலும் விரித்தார்.

சாயக்காரர் பலர் மஞ்சிட்டிக்குப் பதிலாக மருதாணியால் சிவப்பேற்றுவதை ஷைஸரீ கண்டிக்கிறார். முதலில் பளபளக்கும், வெயில் பட்டதும் வெளிறிவிடும். விலையுயர்ந்த துணியைத் தைக்க வாங்கும் தையற்காரர் அதனை எடை பார்த்தே வாங்கவேண்டும், தைத்தபின் அதே எடையில் திருப்பவேண்டும் என்றும் எழுதுகிறார். ஒரு கையேடு தடுக்கும் குற்றங்கள் அக்காலத்தில் மலிந்திருந்த குற்றங்களே என்பதை வரலாற்று மாணவர் மறக்கலாகாது. ஆகவே இந்நூல்களைக் கொண்டு பழஞ்சந்தைகள் தூய்மையானவை என்று நாம் பெருமை பேச இயலாது. நாம் கொள்ளவேண்டிய செய்தி வேறு. பார்வைக்கு அழகாயிருந்து விரைவில் கெடும் பொருளை விற்பது, வாங்குபவனின் விருப்பம் சார்ந்த தனிச்செய்தியாக அன்று கருதப்படவில்லை. அது பொதுக் குற்றமாகக் கருதப்பட்டது. அதனை ஆய்பவர் விற்பவனிடம் கூலி பெறுபவராகவும் இருக்கவில்லை.

கெய்ரோவின் கெனீஸா ஆவணங்களை ஆய்ந்த கோயிட்டீன், அக்கால மணப்பெண்ணின் சீர்வரிசையில் ஆடைகள் சொத்தாகவே மதிப்பிடப்பட்டதையும், அவை தாயிடமிருந்து மகளுக்குச் சென்றதையும் காட்டியுள்ளார். ஆடையைக் குறிக்கும் 'ஸவ்ப்' எனும் அரபுச்சொல்லின் வேர்ப்பொருள் திரும்புதல்; எந்த நிலைக்காக நூல் கருதப்பட்டதோ அந்நிலையை அது வந்தடைவதால் அப்பெயர் வந்ததென ராகிப் அல்-இஸ்ஃபஹானீ தம் 'முஃப்ரதா'த்தில் விளக்குகிறார். இன்று கழித்த ஆடைகள் திரும்பிச் செல்லும் இடங்கள் கானா நாட்டு அக்ராவின் கண்டமாண்டோ சந்தையும், சிலி நாட்டு அட்டகாமா பாலைவனமும் ஆகும். செல்வ நாடுகளின் பழந்துணிப் பொதிகள் கண்டமாண்டோவில் பிரிக்கப்படுகின்றன. விற்காதவை கழிவாகிக் கடற்கரையில் குவிகின்றன.

சான்றிதழும் சட்டமும்

முஹ்தஸிபின் பணியை இன்று தனியார் தணிக்கை நிறுவனங்கள் செய்வதாகக் கூறப்படுகிறது. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியின் 'அலீ எண்டர்பிரைஸஸ்' ஆடை ஆலை தீப்பற்றி 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அவ்வாலை பன்னாட்டுத் தரச்சான்றிதழ் ஒன்றைப் பெற்றிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 24 அன்று டாக்காவை அடுத்த ஆஷுலியாவில் 'தஸ்ரீன்' ஆலையின் தீயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ராணா பிளாசாவின் ஆலைகள் சிலவும் சமூகத் தணிக்கைக்கு உட்பட்டவையே. சுவரில் விரிசல் கண்டது முதல்நாள். கீழே இருந்த வங்கி தன் ஊழியரை அனுப்பிவிட்டது. ஆடைத் தொழிலாளர் மட்டும் மறுநாள் உள்ளே அழைக்கப்பட்டனர். ஆணையின் நாள் நெருங்கியிருந்தது.

அதன்பின் 2013 மே மாதம் கையெழுத்தான 'அக்கார்டு' எனும் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் வேறு வகையைச் சேர்ந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் அதில் ஒப்பமிட்டன. அது நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தியது. தனித்த பொறியாளர்கள் 1,600க்கும் மேற்பட்ட ஆலைகளை ஆய்ந்தனர், அறிக்கைகள் வெளியிடப்பட்டன, ஆபத்தான கட்டடத்துள் நுழைய மறுக்கும் உரிமை தொழிலாளர்க்கு ஏற்பட்டது. ஒப்பந்தத்தை மீறியதாகக் கூறப்பட்ட இரு நிறுவனங்களைத் தொழிற்சங்கங்கள் 2016இல் தி ஹேக் நகரின் நடுவர் மன்றத்தில் நிறுத்தின; பின்னர் சமரசத்தொகை பெற்றன. 2020இல் இப்பணி உள்நாட்டு அமைப்பொன்றிடம் சென்றது. 2021இல் பன்னாட்டு ஒப்பந்தமாக அது புதுப்பிக்கப்பட்டது. கூலியை இது உயர்த்தவில்லை என்பது உண்மை. ஆயினும் ராணா பிளாசா போன்றதொரு பேரழிவு அந்நாட்டு ஆடைத்தொழிலில் அதன்பின் நிகழவில்லை. கட்டாயமும் வெளிப்படையும் தனித்த ஆய்வும் சேர்ந்தாலே ஹிஸ்பா ஹிஸ்பாவாகும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

நீடித்த ஆடை: யார் செலவில்?

இப்போது நீடித்த ஆடை பற்றிய பேச்சு சட்டங்களாக மாறி வருகிறது. விற்காத ஆடைகளை அழிப்பதை பிரான்ஸ் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் துணிகளுக்கான கொள்கையை வெளியிட்டது. அதனையொட்டி நீடித்துழைக்கும் பொருள்களுக்கான சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தது. பங்களாதேஷில் இருநூறுக்கு மேற்பட்ட ஆடை ஆலைகள் பசுமைக் கட்டடச் சான்று பெற்றுள்ளன. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால் இதன் செலவு யாரைச் சேரும்? இதற்குத் திருப்பூரின் அனுபவத்தை நோக்கலாம். அவ்வூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறும், 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையும் பாழாயின. நீதி கேட்டவர்கள் வேளாண் மக்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளிவிடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. நீரை மீட்கும் பொது நிலையங்கள் பெருஞ்செலவில் செம்மை செய்யப்பட்டன. எஞ்சிய உப்புக் கழிவு இன்றும் சிக்கலாகவே உள்ளது. சட்டத்திற்குப் பணிந்த திருப்பூரின் சாயச்செலவு கூடியது. வாங்குவோரோ அச்செலவு இல்லாத ஊரை நாட வழியிருந்தது. டாக்காவைச் சூழ்ந்த துராக், புரிகங்கா, சீதளக்யா ஆறுகள் இன்று கறுத்து ஓடுகின்றன. ஜாம்தானி நெய்வோர் காலங்காலமாக வாழ்ந்த ஆற்றங்கரை இந்தச் சீதளக்யாவின் கரையே.

ஜாம்தானி நெசவு 2013 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ராணா பிளாசா இடிந்த அதே ஆண்டு அது. அழிந்துபோன ஃபூட்டி கார்பாஸ் செடியைத் தேடி, லண்டன் அருங்காட்சியகத்திலுள்ள பழைய மஸ்லினின் மரபணுவோடு ஒப்பிட்டு இனங்கண்டு, மீண்டும் பயிரிட்டு, டாக்கா மஸ்லினை மறுபடியும் நெய்துவிட்டனர். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இது பாராட்டத்தக்க பணி. எனினும் மாதக்கணக்கில் ஒரு புடவை நெய்யும் தறி நாற்பது இலட்சம் பேருக்குச் சோறிடாது. அவர்கள் தைத்த ஆடையை வாங்காது புறக்கணிப்பதும் தீர்வாகாது. 1828இல் கடிதம் எழுதிய கைம்பெண்ணின் நிலைக்கே அவர்களைத் தள்ளும்.

ஆகவே நாம் வேண்டுவது இவ்வளவே. ஆடைக்கு அதன் உண்மையான விலை கொடுக்கப்படவேண்டும்; அவ்விலை ஆலையிலுள்ள பெண்ணின் கூலிக்கும், ஆற்றுநீரின் தூய்மைக்கும் சென்று சேர்கிறதா என்பதைச் சட்டம் ஆயவேண்டும். வாங்குவோர் எண்ணிக்கையைக் குறைத்து, நெடுநாள் உழைப்பதைத் தேர்ந்து, கிழிந்ததைத் தைத்து அணியவேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

நம் குடும்பங்களில் ஆடை வாங்கும் பெரும் பருவம் பெருநாள்கள். ஒருவர் தம்மிடம் உள்ளவற்றுள் அழகானதைப் பெருநாளில் அணிவதையே ஃபிக்ஹு நூல்கள் சிறப்பித்துக் கூறுகின்றன. ஒவ்வொருவர்க்கும் மூன்று நான்கு புத்தாடை வாங்கியே ஆகவேண்டும் என்று எந்நூலும் கடமையாக்கவில்லை. அணிகலனையும் ஆடையையும் அனுமதிக்கும் 'அல் அஃராஃப்' அத்தியாயம் அதே இடத்தில் வீண்விரயத்தைத் தடுக்கிறது. 'அல் முதஃப்ஃபிஃபீன்' அத்தியாயம் அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கிறது. துணியின் நீளத்தில் செய்யும் மோசடியை நாம் உடனே கண்டுகொள்கிறோம். தைத்தவரின் கூலியில் நிகழும் குறைவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெருநாள் துணிக்கடையில் 'இது எங்கே தைக்கப்பட்டது, எத்தனை ஆண்டு உழைக்கும்?' என்று இரு வினாக்கள் கேட்கும் பழக்கத்தை நம் வீடுகளில் தொடங்கலாம். கடைக்காரர்க்கு முதலில் விடை தெரியாது. கேட்பவர் பலராகும்போது அவர் தமக்குச் சரக்குத் தருபவரிடம் கேட்பார்.